குழாய்க்குப் பின்னால் நிற்பவர்: சிங்கப்பூர், மலேசியக் குடிநீர் வரலாற்றில் சுத்திகரிப்பு நிலையப் பணியாளர்

முன்னுரை

சிங்கப்பூரின் நடுப்பகுதியில் அமைந்த நீர்த்தேக்கங்களுள் இரண்டு மெக்ரிட்சி, பியர்ஸ் என்னும் பெயர்களால் வழங்குகின்றன. ஜேம்ஸ் மெக்ரிட்சி 1883 முதல் 1895 வரை நகராண்மைப் பொறியாளராக இருந்தவர். ராபர்ட் பியர்ஸ் 1901 முதல் 1916 வரை அப்பதவியை வகித்தவர். 1922இல் அவர்தம் பெயர்கள் அந்நீர்த்தேக்கங்களுக்குச் சூட்டப்பட்டன. நகருக்கு நல்ல நீர் கிடைக்கப் பொருளுதவி செய்த வணிகர் டான் கிம் செங்கின் பெயரால் ஒரு நீரூற்றே எழுப்பப்பட்டது. ஆகவே, வள்ளலும் பொறியாளரும் இவ்வரலாற்றில் உரிய இடம் பெற்றுவிட்டனர். ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட ஆட்சியாளர்களும் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளனர்.

இவர்களுக்கு அடுத்த நிலையில் வேறொருவர் உண்டு. ஆற்றிலிருந்தோ நீர்த்தேக்கத்திலிருந்தோ வரும் நீரை ஒவ்வொரு மணி நேரமும் சோதித்து, மருந்திட்டு, வடித்து, ‘இது குடிக்கத் தகுந்தது’ என்று தம் கையால் பதிவேட்டில் எழுதி அனுப்புபவர் அவர். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கும் இப்பணியாளரைப் பேச்சு வழக்கில் ஆப்பரேட்டர் என்பர். அவருடைய தொழில் எவ்வாறு உருவாயிற்று, அதில் எவ்வகை அறிவு படிந்துள்ளது, அத்தொழிலின் மேல் சமுதாயம் எத்தகைய நம்பிக்கையை வைத்துள்ளது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். நீரை ஓடச்செய்வது மட்டும் இப்பணியாளரின் கடமையாகாது. தேவைப்படும்போது அதனை நிறுத்தும் துணிவும், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதிவைக்கும் நேர்மையுமே இத்தொழிலின் அடிப்படை என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

மாட்டு வண்டியிலிருந்து குழாய்க்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிங்கப்பூர் மக்கள் கிணறுகளையும் ஊற்றுகளையும் ஓடைகளையும் நம்பியே வாழ்ந்தனர். சீனர் குடியிருந்த பகுதிக்கு மாட்டு வண்டிகளில் நீர் ஏற்றிச் செல்லப்பட்டதால் அப்பகுதி மலாய் மொழியில் ‘கிரேத்தா ஆயர்’ எனப் பெயர் பெற்றது. நீர் வண்டி என்பது அதன் பொருள். சீன மொழியிலும் அவ்விடத்தின் பெயர் மாட்டையும் வண்டியையும் நீரையும் சேர்த்தே குறிக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் ஓடையில் துணி வெளுத்த இடம் ‘டோபி காட்’ எனப்பட்டது. இன்று அது சுரங்க ரயில் நிலையமொன்றின் பெயராக வழங்குகிறது. நீரோடு தொடர்புடைய உழைப்பு இந்நகரின் இடப்பெயர்களில் இவ்வாறு பதிந்திருப்பது குறிப்பிடத்தக்கதாகும்.

1857இல் டான் கிம் செங் நகருக்கு நீர் கொணரும் பணிக்கென 13,000 டாலர் நன்கொடை அளித்தார். எனினும் பணி விரைந்து நடைபெறவில்லை. அவர் 1864இல் மறைந்தார். தாம்சன் சாலைப் பகுதியில் நீர்த்தேக்கம் 1868இல்தான் முடிவுற்றது. நீரை ஏற்றியனுப்பும் பொறிகளும் பகிர்மானக் குழாய்களும் 1870களின் பிற்பகுதி வரை தயாராகவில்லை. அணை எழுந்த பின்னும் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நீர் மக்களை அடையவில்லை என்பது இதனால் விளங்கும். தேங்கிய நீர் குடிநீராவதற்கு இடையில் பொறியும் குழாயும் அவற்றை நாள்தோறும் இயக்கும் கைகளும் தேவைப்பட்டன. சுத்திகரிப்பு நிலையப் பணியாளரின் வரலாறு இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது எனலாம்.

மணற்படுகையும் மண்வெட்டியும்

நீரை மணலில் வடிக்கும் முறையைப் பெருநகர் ஒன்றுக்கெனப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியவர் ஜேம்ஸ் சிம்சன். 1829இல் இலண்டனின் செல்சி நீர் நிறுவனத்திற்காக அவர் மணல் வடிகட்டியை அமைத்தார். 1852ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனுக்கு வழங்கப்படும் தேம்ஸ் நீரை வடிகட்டியே தரவேண்டும் என்று விதித்தது. அதன் பயன் எத்தகையது என்பதை 1892இல் ஜெர்மனியில் பரவிய வாந்திபேதி உலகுக்குக் காட்டியது. எல்பு ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த ஹாம்பர்க் நகரில் 8,600 பேருக்கு மேல் மாண்டனர். அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஹாம்பர்க்கின் கழிவும் கலந்து வந்த நீரை மணலில் வடித்துக் குடித்த அல்டோனா நகரம் பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களுக்கும் இடையே ஒரு தெருவே எல்லையாக இருந்த இடங்களும் உண்டு.

இம்முறையே பிரித்தானியப் பேரரசின் நகரங்கள் பலவற்றிற்கும் வந்தது. சிங்கப்பூரில் புக்கித் தீமாவிலும், பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உட்லியிலும் வடிகட்டுப் படுகைகள் அமைந்தன. மெதுமணல் வடிகட்டி எனப்படும் இதில் நீர் மணிக்கு 10 முதல் 20 செண்டிமீட்டர் அளவே கீழிறங்கும். மணலின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த மெல்லிய ஏடு ஒன்று படியும். பார்ப்பதற்கு அழுக்காகத் தோன்றும் அந்த ஏடே கிருமிகளைப் பிடித்துச் சிதைக்கிறது. அது தடித்து நீரோட்டம் குறையும்போது படுகையை வற்றவைத்து, மேல்மணலை ஓரிரு செண்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுக்க வேண்டும். ஆழமாகச் சீவினால் மணல் வீணாகும். மேலோட்டமாகச் சீவினால் அடைப்பு நீங்காது. சீவிய படுகையை உடனே பயன்படுத்துதலும் ஆகாது. புதிய ஏடு உருவாகும் வரை சில நாள்கள் வடிநீரை வெளியேற்றிக் காத்திருக்க வேண்டும்.

இவ்வேலை முழுவதும் மனித உழைப்பால் நடந்தது. தட்டை மண்வெட்டியும் கூடையும் கொண்டு, ஈர மணலில் நின்று செய்யும் வேலை அது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பத்தாண்டுகளில் சிங்கப்பூர் நகராண்மைக் கழகம், மலாயாப் பொதுப்பணித் துறை, ரயில்வே ஆகியவற்றில் அன்றாடக் கூலிக்கு உழைத்தோரில் பெரும்பகுதியினர் தென்னிந்தியர் என்பது அறிந்ததே. தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியைப் பற்றி நம்மிடையே கதையும் பாட்டும் ஆய்வும் பெருகியுள்ளன. சடக்குப் போட்டவரும் சாக்கடை துப்புரவு செய்தவரும் நீர் வழங்கல் பணியில் உழைத்தவரும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அரசாங்க ஆவணங்களில் இவர்கள் தலைகளின் எண்ணிக்கையாகவும் நாட்கூலியின் அளவாகவுமே நிற்கின்றனர். எந்தப் படுகையை எப்போது சீவுவது, எத்தனை நாள் காத்திருப்பது என்னும் பட்டறிவு அவர்களிடம் இருந்தது. ‘கூலி’ என்ற ஒரு சொல் அந்த அறிவை மறைத்துவிட்டது.

படிகாரமும் தேற்றாங்கொட்டையும்

நகரின் மக்கள்தொகை பெருகப் பெருகத் தீவின் நீர் போதவில்லை. 1927இல் ஜொகூர் சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கூனோங் பூலாய் மலைப்பகுதியின் நீர் 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. 1961, 1962ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளுக்குப் பின் ஆற்று நீரின் பங்கு மேலும் பெருகியது. காட்டு நீர்த்தேக்கத்து நீருக்கும் ஆற்று நீருக்கும் வேறுபாடு உண்டு. ஆறு மழைக்கு மழை நிறம் மாறும். காலையில் வெளிறிய தேநீர் போல ஓடுவது, மேற்பகுதியில் மழை பெய்துவிட்டால் மாலையில் செம்மண் குழம்பாக வந்து சேரும். இத்தகைய நீரைப் பெருமளவில் வடிப்பதற்கு மெதுமணல் வடிகட்டி ஏற்றதன்று. மணிக்கு 5 முதல் 15 மீட்டர் வரை நீரை இறக்கவல்ல விரைவு மணல் வடிகட்டி இருபதாம் நூற்றாண்டில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். முன்னையதைக் காட்டிலும் இது ஏறத்தாழ ஐம்பது மடங்கு விரைவுடையது. ஆனால், வடிகட்டிக்குச் செல்லுமுன் நீரிலுள்ள நுண்ணிய களிமண் துகள்களைத் திரளச் செய்து படியவைத்தல் இதில் இன்றியமையாதது. அதற்குப் பயன்பட்டது படிகாரம்.

கலங்கல் நீரைத் தெளிவித்தல் தமிழர்க்குப் புதியதன்று. தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளியவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. கலங்கிய நெஞ்சம் தெளிவதற்கு இதனை உவமையாகக் கூறும் இடம் கலித்தொகையில் உண்டு. தேற்றுதல் என்னும் சொல் தெளிவித்தலையும் ஆறுதல் கூறுதலையும் ஒருங்கே குறிப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். வீட்டில் ஒரு பானை நீருக்குச் செய்ததை நாளொன்றுக்குப் பல மில்லியன் கேலன் நீருக்குச் செய்வதே நிலையப் பணியாளரின் வேலை. அளவு மாறும்போது பொறுப்பும் மாறுகிறது.

எவ்வளவு படிகாரம் இடுவது என்பதற்கு நிலையான விடை இல்லை. ஆகவே பணியாளர் கண்ணாடிக் குவளைச் சோதனை செய்கிறார். ஒரே அளவான ஆற்று நீரை ஆறு குவளைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரக் கரைசலை ஊற்றி, முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கிவிட்டு, அசையாமல் வைத்துப் பார்க்கிறார். சில நிமிடங்களில் பஞ்சுத் துணுக்குகள் போன்ற திரள்கள் தோன்றும். எந்தக் குவளையில் திரள் பருத்து விரைந்து படிகிறதோ, எதில் மேல்நீர் தெளிந்து நிற்கிறதோ, அந்த அளவே நிலையத்தின் அளவாகிறது. குறைந்தால் கலங்கல் நீங்காது. மிகுந்தால் நீரின் அமிலத் தன்மை கூடித் திரள் சரிவர அமையாது. நெடுங்காலம் பணியாற்றியவர் ஆற்றின் நிறத்தைக் கண்டதும் ஏறத்தாழ அளவைச் சொல்லிவிடுவார் என்பர். எனினும் அவரும் குவளைகளை வைத்துச் சோதித்த பின்னரே மருந்தின் அளவை மாற்றுவார்.

குளோரினும் கண்ணும்

தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கொல்லும் பணியில் குளோரின் நுழைந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் குடற்காய்ச்சல் பரவியபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் நகர நீரில் குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து கலக்கச் செய்தார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகருக்கு வழங்கிய நீரில் ஜான் லீல் என்னும் மருத்துவர் அதனை நிலையான முறையாக்கினார். ‘நீரில் நஞ்சைக் கலப்பதா?’ என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு அவர் பக்கமே வந்தது.

அன்றிலிருந்து நிலையப் பணியாளரின் பொறுப்பு முன்னிலும் நுட்பமாயிற்று. இடப்படும் குளோரினில் ஒரு பகுதி நீரிலுள்ள பிற பொருள்களால் உட்கொள்ளப்படும். எஞ்சி நிற்கும் பகுதியே குழாய்வழி வீடு வரை நீரைக் காக்கும். கிருமி நீக்கம் பயனளிக்க, குறைந்தது 30 நிமிடத் தொடர்பு நேரத்திற்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவேனும் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலாகும். இதனை அளப்பதற்கு முன்னாளில் ஆர்த்தோதொலுடின் என்னும் கரைசலைச் சொட்டுவிட்டு, தோன்றும் மஞ்சள் நிறத்தை வண்ணக் கண்ணாடி வட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். அக்கரைசல் உடலுக்குத் தீங்கானது என்று அறியப்பட்டபின் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் வேறொரு மருந்து வழக்கிற்கு வந்தது. எதுவாயினும் ஒரு மனிதரின் கண்ணே நீண்டகாலம் தீர்ப்புச் சொல்லும் கருவியாக இருந்தது.

குளோரின் வளி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளமான இடங்களில் தேங்கும். மூச்சில் கலந்தால் நுரையீரலை அரிக்கும். கசிவைக் கண்டறிய அம்மோனியாவில் நனைத்த துணியைக் கோலில் சுற்றிக் குழாய் இணைப்புகளின் அருகே கொண்டுசெல்வர். வெண்புகை எழும் இடமே கசியும் இடம். ஊரார் உறங்கும் நள்ளிரவில், தனியொருவராகவோ இருவராகவோ நின்று இதனைச் செய்வோரின் அச்சத்தை நம் குடிநீர் வரலாறுகள் பதிவு செய்ததில்லை.

1942: நிற்காத நிலையம்

இத்தொழிலின் மேல் ஒரு நகரத்தின் உயிர் எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை 1942 பிப்ரவரி மாதம் காட்டியது. பின்வாங்கிய பிரித்தானியப் படையினர் ஜனவரி 31ஆம் நாள் ஜொகூர் கடற்பாலத்தைத் தகர்த்தனர். அதனூடாக வந்த நீர்க்குழாயும் அதனோடு அறுந்தது. நகரம் தீவின் நீர்த்தேக்கங்களை மட்டுமே நம்பி நின்றது. பிப்ரவரி நடுப்பகுதிக்குள் அந்நீர்த்தேக்கங்களும் ஜப்பானியர் வசமாயின. எனினும் உட்லி நீரேற்று நிலையம் தொடர்ந்து இயங்கியது. எதிரிப் படை அதற்கு மிக அருகில் வந்துவிட்ட நிலையிலும் அங்கிருந்து நகருக்கு நீர் சென்றுகொண்டிருந்தது.

ஆனால் குண்டுவீச்சில் நகரக் குழாய்கள் எங்கும் உடைந்திருந்தன. ஏற்றிய நீரில் பெரும்பகுதி தெருவில் வழிந்தோடியது. நீர் வழங்கல் மிகுந்தால் 48 மணி நேரம் தாங்கும், ஒருவேளை 24 மணி நேரத்திலேயே நின்றுவிடலாம் என்ற மதிப்பீடு பிப்ரவரி 14ஆம் நாள் தளபதி பெர்சிவலிடம் தெரிவிக்கப்பட்டது. மறுநாள் சரணடைவது என்ற முடிவை எடுக்கையில் உணவு, வெடிமருந்து ஆகியவற்றின் குறைவோடு நீரின் நிலையும் முக்கியக் காரணமாக எண்ணப்பட்டது. போர் வரலாற்றாசிரியர்கள் இதனைத் தளபதியின் முடிவாகவே ஆராய்வர். குடிநீர் வரலாற்று நோக்கில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. பீரங்கிச் சத்தத்தினிடையே பொறியை அணைக்காமல் நின்ற பணியாளர்கள்தாம் பத்து இலட்சம் பேர் நெருக்குண்டிருந்த நகரத்தை அந்நாள்களில் தாகத்திலிருந்து காத்தனர். அவர்கள் பொறியை விட்டு ஓடியிருப்பின் 48 மணி நேரம் என்ற கணக்குக்கே இடமிருந்திராது.

போருக்குப் பின்னரும் நெருக்கடிகள் தொடர்ந்தன. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை வறட்சியால் சிங்கப்பூரில் நீர்ப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. பொதுப் பயனீட்டுக் கழகம் 1963 மே 1ஆம் நாள் அந்த நெருக்கடியின் நடுவில்தான் தோற்றம் பெற்றது. மலேசியாவில் 1998இலும் 2014இலும் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வாளிகளோடு லாரிகளுக்குக் காத்திருந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பர்.

பதிவேட்டின் உண்மை

நிலையப் பணியாளர் ஒவ்வொருவரும் பணிமுறை முடிந்து மாறும்போது பதிவேடு ஒன்றை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். கலங்கல் அளவு, அமில காரத் தன்மை, படிகார அளவு, எஞ்சிய குளோரின் ஆகியன மணிவாரியாக அதில் இருக்கும். அடுத்தவர் அந்த எண்களை நம்பியே தம் வேலையைத் தொடங்குகிறார். அந்த எண்கள் பொய்யானால் என்ன நேரும் என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள வாக்கர்டன் என்னும் சிற்றூர் சான்றாகும். இத்தொழிலின் அண்மைக்கால வரலாற்றை மாற்றிய நிகழ்ச்சி என்பதால் அதனை இங்குக் காண்பது பொருந்தும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் அங்குப் பெய்த பெருமழையில் மாட்டு எருவின் கிருமிகள் ஆழமற்ற கிணறு ஒன்றில் கலந்தன. போதிய குளோரின் இடப்படவில்லை. ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்த அவ்வூரில் 2,300 பேர் நோயுற்றனர், எழுவர் மாண்டனர். நீதிபதி டென்னிஸ் ஓகானர் நடத்திய விசாரணையில், பணியாளர்கள் பல ஆண்டுகளாகக் குளோரினை அளக்காமலேயே பதிவேட்டில் எண்களை இட்டு நிரப்பிவந்தது வெளியாயிற்று. அவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அந்தக் கிணற்று நீரை மருந்திடாமலேயே தாங்களும் குடித்துவந்தனர். அது நல்ல நீர் என்றே நம்பினர். தேர்வோ முறையான பயிற்சியோ இன்றி, பணிக்கால அடிப்படையிலேயே அவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. குறைந்த மருந்திடலை உடன் காட்டும் கருவி ஒன்றும் அக்கிணற்றில் இல்லை. விசாரணைக்குப் பின் நிலையப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் அங்குக் கட்டாயமாக்கப்பட்டன.

பதிவேடு சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4,03,000 பேர் வயிற்றுப்போக்குக்கு ஆளாயினர். குளோரினுக்கு எளிதில் மடியாத ஒருவகை ஒட்டுண்ணி வடிகட்டிகளைக் கடந்து சென்றிருந்தது. அதற்கு முன்னறிவிப்பாக நிலையத்தை விட்டு வெளியேறிய நீரின் கலங்கல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. எழுதப்பட்ட எண்ணை வாசித்துப் பொருள் காண்பதும் இத்தொழிலின் பகுதி என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. மலேசியாவில் சுகாதார அமைச்சு 1983 முதல் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்திவருவது, நிலையத்தின் பதிவேட்டை மற்றொரு கண் சரிபார்க்க வேண்டும் என்னும் இதே எண்ணத்தின்பாற்பட்டதாகும்.

நிறுத்தும் முடிவு

அண்மைக் காலத்தில் நம் நாடுகளின் நிலையப் பணியாளர்கள் எதிர்கொள்ளும் சோதனை ஆற்று மாசாகும். இதனை அம்மோனியாவைக் கொண்டு விளக்கலாம். நைட்ரசன் அளவில் கணக்கிடப்படும் 1 மில்லிகிராம் அம்மோனியாவைப் போக்க ஏறத்தாழ 8 மில்லிகிராம் குளோரின் வேண்டும். ஆற்றில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் அம்மோனியா வந்துவிட்டால், 24 மில்லிகிராம் குளோரின் இட்ட பின்னரே கிருமியைக் கொல்லும் தனிக் குளோரின் எஞ்சத் தொடங்கும். மருந்திடும் பொறிகள் பலவும் அந்த அளவுக்கு அமைக்கப்பட்டவை அல்ல. அத்தகைய வேளையில் செய்யத்தக்கது நீரெடுப்பை நிறுத்துவதேயாகும்.

2014இன் தொடக்கத்தில் லங்காட் ஆற்றில் அம்மோனியா மிகுந்ததால் செராஸ் 11ஆம் மைல், புக்கிட் தம்போய் நிலையங்கள் மூடப்பட்டன. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா உயர்ந்தபோது அங்குள்ள சிங்கப்பூரின் நிலையம் நீரெடுப்பை நிறுத்தியது. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் கோங் ஆற்றில் கலந்த மாசின் நாற்றம் சிலாங்கூர் ஆற்றை அடைந்ததும் நான்கு நிலையங்கள் ஒருசேர மூடப்பட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் நீர்க் கணக்குகளுக்கு வழங்கல் தடைப்பட்டது.

நாற்ற மாசு பணியாளரை மிகப் பழைய கருவிக்கே திரும்ப அழைக்கிறது. நீரைத் தூய நீரோடு படிப்படியாகக் கலந்து, எந்த நிலையில் மணம் மறைகிறது என்பதை மூக்கால் நுகர்ந்து அளவிடுவதே நிலையங்களில் வழங்கும் முறை. பல கோடி மதிப்புள்ள நிலையத்தை மூடுவதா, திறப்பதா என்னும் முடிவுக்கு ஒரு மனிதரின் மூக்கும் சான்றளிக்கிறது. மூடினால் மக்கள் சினம் கொள்வர். சமையல் தடைப்படும், மருத்துவமனைகளும் பள்ளிகளும் தொல்லையுறும். மூடாமல் விட்டால் நேரக்கூடிய கேடு கண்ணுக்குத் தெரியாதது, நேராமலும் போகலாம். நேராத கேட்டைத் தடுத்தவருக்கு எவரும் நன்றி கூறுவதில்லை. மூடும் கட்டளையை மேலதிகாரி இடலாம். ஆயினும் முதலில் ஐயுற்று, மாதிரி எடுத்து, நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்துச் சொல்பவர் பணிமுறையில் இருக்கும் நிலையப் பணியாளரே ஆவார்.

முடிவுரை

2011 ஆகஸ்டு 31ஆம் நாளோடு 1961ஆம் ஆண்டு உடன்படிக்கை முடிவுற்று, கூனோங் பூலாய், ஸ்கூடாய் நிலையங்கள் ஜொகூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. நாளேடுகள் அதனை இரு நாடுகளின் உறவு பற்றிய செய்தியாக வெளியிட்டன. அது ஒரு தொழில்மரபு கைமாறிய நாளும் ஆகும். இன்று மணற்படுகையின் இடத்தில் மென்சவ்வு வடிகட்டிகளும், வண்ணக் கண்ணாடியின் இடத்தில் மின்னணு உணரிகளும், மரப்பலகையில் மாட்டிய பதிவேட்டின் இடத்தில் கணினித் திரைகளும் வந்துள்ளன. எனினும் உணரி பிழையாகக் காட்டுகிறதா, நீர்தான் மாறியுள்ளதா என்று பகுத்தறிய வேண்டியவர் மனிதரே. வாக்கர்டன் நிகழ்ச்சி கருவியின் தேவையை வலியுறுத்தியது போலவே, கருவியை நம்பத்தக்கவாறு பேணும் மனிதரின் தேவையையும் வலியுறுத்தியது.

இவ்வரலாற்றை நிறைவு செய்வதில் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவு 1979 முதல் நடைபெற்றுவருகிறது. நகராண்மைக் கழகத்திலும் பொதுப்பணித் துறையிலும் நீர் வழங்கல் வாரியங்களிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் படிகாரத்தையும் வடிகட்டியையும் மதகையும் எப்பெயர்களால் அழைத்தனர், இரவுப் பணியை எவ்வாறு கழித்தனர், எப்போது அஞ்சினர், எப்போது மறுத்து நின்றனர் என்பனவற்றை நம் மாணவர்கள் கேட்டு எழுதலாம். இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் தம் பாட்டனாரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்தாலே செய்யக்கூடிய ஆய்வு இது. தோட்டத்துக்கு வெளியே நம்மவர் ஆற்றிய உழைப்பின் வரலாறும் அதன் தமிழ்க் கலைச்சொற்களும் அவ்வாறே சேகரிக்கப்படும். இன்னும் பத்தாண்டுகள் கழித்துத் தொடங்கினால் கேட்பதற்குப் பலர் இருக்கமாட்டார்கள்.

வள்ளல் பணம் தந்தார். பொறியாளர் அணை கட்டினார். ஆட்சியாளர் உடன்படிக்கை செய்தார். அவற்றின் பயன் அதிகாலையில் நாம் திறக்கும் குழாயை வந்தடைவது, முந்திய இரவு முழுவதும் விழித்திருந்து அளந்ததை அளந்தவாறே எழுதிய ஒருவரால் ஆகும். அவர் பெயரை எந்த நீர்த்தேக்கத்திற்கும் சூட்ட வேண்டியதில்லை. வரலாற்றில் ஒரு பத்தியேனும் அவருக்கு உரியது.